பாட்டிஞ்சர் துரை வீட்டுக் கதை

பெயரிலேயே வரித் தகராறு உள்ள ஊரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? புளியங்குடிக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நெல்கட்டும்செவல். பூலித்தேவன் ஊர். 1755-ல் கர்னல் ஹெரான் என்ற வெள்ளைக்காரர் பட்டாளத்தோடு கோட்டைக்கு முன்னால் வந்து நின்று கப்பம் கேட்டார். பூலித்தேவன் ஒரு மணி நெல்கூடக் கட்ட மறுத்துத் திருப்பி அனுப்பினான், அன்றிலிருந்து ஊரின் பெயரே ‘நெற்கட்டான்செவல்’ ஆகிவிட்டது என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

அதற்கப்புறம் கட்டபொம்மன். 1799-ல் கயத்தாறில் தூக்கு. சினிமாவில் அதோடு கதை முடிந்து கொட்டகையில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். நாமும் மூக்கைச் சிந்திக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் கிஸ்தி முடியவில்லையே, ஸார்! கேட்கிறவன் மட்டும்தான் மாறினான். கோட்டை வாசலில் நின்று பாளையக்காரரிடம் கேட்டது போய், குடிசை வாசலில் நின்று குடியானவனிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பாளையக்காரரிடமாவது கத்தி இருந்தது. குடியானவனிடம் என்ன இருந்தது? பத்து விரல். அந்தப் பத்து விரலை வைத்துக்கொண்டு சர்க்கார் சேவகர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில், 1848-லிருந்து 1854 வரை, மதராஸ் ராஜதானி முழுவதற்கும் கவர்னராக இருந்தவர் ஓர் ஐரிஷ்காரர். சர் ஹென்றி பாட்டிஞ்சர். கேட்டால் பாட்டி அரைத்துக் கொடுக்கும் இஞ்சிச்சாறு மாதிரி இருக்கும் பெயர். குடித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

நம் திருநெல்வேலிச் சீமைக்கும் அயர்லாந்துக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் உண்டு. இடையன்குடியில் ஐம்பது வருஷம் குடியிருந்து திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிம் பக்கத்தில் பிறந்தவர். 1911-ல் மணியாச்சி ஜங்ஷனில் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற கலெக்டர் ஆஷ், அவரும் ஐரிஷ்காரர். இந்த இருவரையும் புளியங்குடிப் பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூடச் சொல்வார்கள். இரண்டு பேரைவிடவும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஐரிஷ்காரரைத்தான் யாருக்கும் தெரியாது. பெல்ஃபாஸ்ட் நகரத்துக்கு ஒட்டினாற்போல ‘மவுன்ட் பாட்டிஞ்சர்’ என்று குடும்பப் பெயரிலேயே ஒரு மாளிகை. அங்கே 1789-ல் பிறந்தார் ஹென்றி. வீட்டில் ஐந்தாவது பிள்ளை.

பெரிய வீட்டு ஐந்தாவது பிள்ளையின் நிலைமை எந்த ஊரிலும் ஒன்றுதான். சொத்து அண்ணனுக்கு, ஊர் சுற்றும் உரிமை தம்பிக்கு. பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கப்பலேறிய பையன், பதினைந்து வயதில் இந்தியாவில் இருந்தான். பம்பாய்ப் பட்டாளத்தில் சின்ன ஆபீசர் வேலை.

*

1810. ஐரோப்பாவில் நெப்போலியன் கொடி பறக்கிறது. பாரசீகம், பலுசிஸ்தானம் வழியாகத் தரைமார்க்கமாக அவன் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டால்? கம்பெனிக்கு வயிற்றில் புளி. நடுவில் இருக்கிற பாலைவனத்தில் தண்ணீர் உண்டா, பாதை உண்டா, பீரங்கி போகுமா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். கிறிஸ்டி என்ற காப்டனும் இருபது வயது பாட்டிஞ்சரும் ‘நாங்கள் போகிறோம்’ என்றார்கள்.

குதிரை வியாபாரிகளாக வேஷம். தலையை மழித்து, தாடி வளர்த்து, நாட்டு உடை உடுத்திப் படகில் போய் இறங்கினார்கள். நுஷ்கி என்ற இடத்தில் இருவரும் பிரிந்தார்கள். கிறிஸ்டி வடக்கே ஹீராத்துக்கு. பாட்டிஞ்சர் மேற்கே, பாலைவனத்துக்குள். கடல் அலை மாதிரி எழும்பி நிற்கும் செம்மணல் மேடுகள். ஒட்டகம் ஏறினால் சறுக்கும், இறங்கினால் புதையும். வாயிலும் கண்ணிலும் மணல். எதிரே பார்த்தால் ஏரி, போனால் கானல்.

வழியில் வேஷம் மாறியது. குதிரை வியாபாரிக்கு அந்தப் பக்கம் மரியாதை போதவில்லை, கொள்ளை பயம் வேறு. எனவே பாட்டிஞ்சர் மகான் பரம்பரையில் வந்த பீர்ஜாதா ஆகிவிட்டார்! தொழுகைக்கு உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். மதவிஷயமாகச் சந்தேகம் கேட்டால் மென்று விழுங்கினார். பெரியவர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஓர் ஊரில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் மட்டும் ஏற இறங்கப் பார்த்தான். ‘இவர் தன்னைப் பீர்ஜாதா என்று சொல்லாவிட்டால், போன வருஷம் பம்பூருக்கு வந்த கிராண்ட் துரையின் தம்பி என்றே நினைப்பேன்’ என்று சபையில் போட்டு உடைத்தான். கிராண்ட் என்ற வெள்ளைக்கார ஆபீசர் முந்தின வருஷம் அந்தப் பக்கம் வந்து போயிருந்தது நிஜம். பாட்டிஞ்சருக்கு எப்படி இருந்திருக்கும்! எப்படியோ பேச்சை மாற்றித் தப்பித்தார்.

இரண்டாயிரம் மைலுக்கு மேல் சுற்றி, பாரசீகத்தின் இஸ்பஹான் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் கிறிஸ்டியும் வந்தார். எதிரும் புதிருமாக நின்றும் ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியவில்லை. அத்தனை கச்சிதமான வேஷம். தெரிந்தபின் எப்படிக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். பாவம், கிறிஸ்டிக்கு அதிக நாள் ஆயுசில்லை. 1812-ல் ருஷ்யர்களோடு நடந்த சண்டையில் பாரசீகர் பக்கம் நின்று செத்துப்போனார். பாட்டிஞ்சர் தன் பயணத்தைப் புத்தகமாக எழுதி 1816-ல் லண்டனில் பெயர் வாங்கினார்.

இந்தப் பயணத்தை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், ஊரில் எத்தனை வீடு, ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யார் யாருக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று தரையில் உட்கார்ந்து கவனித்துக் குறித்த ஆள் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

பிறகு கட்சில் ரெசிடென்ட், சிந்து தேசத்தில் தூதர் என்று ஏணிப்படியாக ஏறினார். 1820-ல் டப்ளின்காரரான காப்டன் குக்கின் மகள் சுசன்னா மரியாவோடு கல்யாணம். சிந்து அமீர்களோடு பேசி உடன்படிக்கை போட்டதற்காக 1840-ல் ‘பாரனெட்’ பட்டம் கிடைத்தது.

பாரனெட் என்றால் என்ன? ‘சர்’ பட்டத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நைட். அது ஆளோடு போச்சு. பேர் வைத்த மாதிரி, செத்தால் கணக்கு முடிந்தது. இன்னொன்று பாரனெட். அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று, ஜமீன் மாதிரி வாரிசுக்கு வந்துகொண்டே இருக்கும். மகன் கெட்டிக்காரனோ மண்ணாந்தையோ, அப்பா கண்ணை மூடிய நிமிஷத்தில் ‘சர்’! ஆனால் பிரபுக்கள் சபையில் உட்கார நாற்காலி கிடையாது.

இந்தப் பட்டம் பிறந்த கதையே வேடிக்கை. 1611-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸுக்குப் பணமுடை. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியை அடக்கிவைக்கப் பட்டாளம் வேண்டும், சம்பளத்துக்கு வழியில்லை. முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருஷச் சம்பளம், அதாவது 1,095 பவுன் கொடுப்பவர்களுக்குப் பரம்பரை ‘சர்’ என்று அறிவித்தார். பட்டம் விற்றுப் பட்டாளம்! அல்ஸ்டரை அடக்கப் பிறந்த பட்டத்தை அல்ஸ்டரில் பிறந்த பாட்டிஞ்சரே வாங்கிக்கொண்டார். நம்மவர்களுக்கும் இது கிடைக்காமல் இல்லை. 1857-ல் முதல் இந்திய பாரனெட் ஆனவர் பம்பாய் பார்ஸி வியாபாரி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். தான தர்மத்தில் கர்ணன். செல்வம் வந்த வழிகளில் ஒன்று, சீனாவுக்கு அபின் ஏற்றுமதி.

அந்த அபினில்தான் நம்ம பாட்டிஞ்சருக்கும் உச்சம் வந்தது. இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்கக்கூடாது என்று சீனர்கள் பெட்டி பெட்டியாக அழித்தார்கள். ‘அதெப்படி அழிக்கலாம்?’ என்று பிரிட்டிஷ்காரர்கள் சண்டைக்குப் போனார்கள். சண்டை போட்டதில் மதராஸ் ரெஜிமென்டுகளும் உண்டு. நம் ராஜதானியிலிருந்து போன சிப்பாய்கள் சீன வயல்களில் கொட்டுகிற மழையில் நனைந்த துப்பாக்கியோடு நின்றிருக்கிறார்கள். 1841-ல் பாட்டிஞ்சர் அங்கே பிரதம தூதராகப் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் ஆகஸ்ட் 29-ல், கப்பல் மேலேயே, நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் தீவு பிரிட்டனுக்கு. ஐந்து துறைமுகங்கள் திறந்துவிட வேண்டும். அபராதம் 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். அதில் 60 லட்சம், அழித்த அபினுக்கே விலை! திருடன் வீட்டுக்காரனிடம் பூட்டு உடைத்த கூலி கேட்ட கதை.

1843 ஜூனில் உடன்படிக்கையை உறுதி செய்துகொள்ள சீன ராஜபிரதிநிதி கீயிங் ஹாங்காங்குக்கு வந்தார். விருந்து என்றால் அப்படி ஒரு விருந்து. கீயிங் பாட்டுப் பாடினார். பாட்டிஞ்சர் வாயில் மிட்டாயை ஊட்டி விட்டார். பாட்டிஞ்சர் குடும்பத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு ஆண்பிள்ளை இல்லை, உங்கள் பையனை எனக்குத் தத்துக் கொடுங்கள்’ என்று கேட்டார். பாட்டிஞ்சர் நாசூக்காக, ‘அவன் முதலில் இங்கிலாந்தில் படிப்பை முடிக்கட்டும்’ என்றார். ‘சரி, இன்றிலிருந்து அவன் என் பிள்ளைதான். பெயர் ஃபிரெடரிக் கீயிங் பாட்டிஞ்சர்’ என்று அறிவித்தே விட்டார் கீயிங்! தோற்ற தேசத்தின் பிரதிநிதி, ஜெயித்தவனைச் சொந்தக்காரனாக்கிக்கொண்டாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பன்னிரண்டு வயது ஃபிரெடரிக் பிற்பாடு என்ன ஆனான் என்பது தனிக் கதை. வருகிறேன்.

அதே 1843 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு சாவு. பாட்டிஞ்சரின் அண்ணன் மகன் எல்ட்ரெட். சித்தப்பனை உரித்து வைத்த பிள்ளை. சித்தப்பனைப் போலவே குதிரை வியாபாரி வேஷத்தில் ஹீராத்துக்குள் நுழைந்து, 1837-38-ல் பாரசீக முற்றுகையை எதிர்த்து நின்று ‘ஹீராத் வீரன்’ என்று பெயர் வாங்கியவன். பிறகு காபூலில் ஆங்கிலப் படை அழிந்தபோது பணயக்கைதியாக மாட்டி, மீண்டு, விசாரணையில் குற்றமற்றவன் என்று தேறி, சித்தப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வயது முப்பத்திரண்டு.

பாட்டிஞ்சருக்கு மனசாட்சியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தான் உடன்படிக்கை போட்ட சிந்து அமீர்களை நேப்பியர் 1843-ல் அடித்துப் பிடித்து நாட்டை விழுங்கியபோது, அது அநியாயம் என்று பத்திரிகையில் வரும்படி எழுதியவர் அவர். பெரிய இடத்து மனுஷன் அப்படி எழுதுவதற்குத் தைரியம் வேண்டும்.

ஹாங்காங்கின் முதல் கவர்னர், ஊருக்குத் திரும்பினால் வருஷம் 1,500 பவுன் பென்ஷன். வீட்டில் உட்காரக்கூடாதா? 1847-ல் தென் ஆப்பிரிக்காவின் கேப் காலனிக்குக் கவர்னராகப் போனார். அங்கே அறுபதை நெருங்கிய அவருடைய காதல் விளையாட்டுகளைப் பற்றி அந்த நாட்டுச் சரித்திர ஆசிரியர் தீல் எழுதியிருப்பதை, குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை என்பதால் இங்கே விவரிக்கவில்லை. ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. அடுத்த உத்தியோகம் மதராஸ்.

*

1848 ஏப்ரலில் வந்து இறங்கினார். வந்தவர் பலுசிஸ்தானத்து மணலில் புரண்ட வாலிபன் இல்லை. இந்திய சர்வீஸை அதுவரை மேற்கே கழித்துவிட்டுத் தெற்கே கடைசியாக வந்து உட்கார்ந்த கிழவர். அவருடைய மதராஸ் நிர்வாகம் சோபிக்கவில்லை, வேகம் போய்விட்டிருந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதிய சொந்த ஜனங்களே ஒப்புக்கொள்கிறார்கள். அவர் காலத்தில் நல்லது ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1851-ல் மியூசியம் திறந்தார்கள். கோதாவரியில் ஆர்தர் காட்டனின் அணை முடிந்தது. 1853-ல் ராயபுரத்தில் ரயில் வேலை ஆரம்பித்தது. இதற்கெல்லாம் வேறு வேறு ஆசாமிகள் மல்லுக்கட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர் பாட்டிஞ்சர்.

இப்போது பத்து விரல் கதைக்கு வருவோம்.

சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி என்று புளியங்குடியைச் சுற்றி ஜமீன்கள் இருந்தன. ஜமீன் அல்லாத சர்க்கார் நிலத்தில் ரயத்துவாரி முறை. அதாவது குடியானவன் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்ட வேண்டும். நெல்லாக இல்லை, ரொக்கமாக. தீர்வையை நிர்ணயித்ததோ தானியம் நல்ல விலை விற்ற காலத்தில். 1820-களிலிருந்து விலை படுத்துக்கொண்டது. ஏறத்தாழ முப்பது வருஷம் எழுந்திருக்கவே இல்லை. விளைச்சல் இருந்தும் விலை இல்லாவிட்டால் என்ன கதி என்று புளியங்குடி எலுமிச்சைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூட்டை மூட்டையாகப் பழம் இறங்கும் நாளில் மண்டியில் ஏலத்தொகையைக் கேட்டுவிட்டு, வண்டிக் கூலிக்கே பத்தாதே என்று தலையில் கை வைத்தவர்கள்தானே! அந்த நிலைமையில் ஒருவர் வாசலில் நின்று, ‘போன நல்ல வருஷத்து விலைக்குக் கணக்குப் போட்டுப் பணத்தைக் கீழே வை’ என்று கேட்டால்?

கேட்டவர் கையில் இரண்டு அதிகாரம். தாசில்தாரே வரி வசூல்காரர், அவரே போலீஸ் தலைவர். வரி கட்டாதவனை யார் பிடிப்பது? அவர். பிடித்து அடித்தால் யாரிடம் புகார் செய்வது? அவரிடமேதான்! மேலே கலெக்டர். அவரும் வரியும் மாஜிஸ்திரேட்டும் சேர்ந்த ஒரே ஆள். அவர் கச்சேரி எத்தனையோ காத தூரத்தில்.

இப்படி வசூல் செய்யப் பயன்பட்ட சாமான்களில் முதலாவது கிட்டி. கிட்டிப்புள் இல்லை, ஸார். இரண்டு கட்டையை ஒரு பக்கம் கட்டி, நடுவில் விரல்களை வைத்து, மறு பக்கத்தை அழுத்துவது. பாக்குவெட்டியில் பாக்கை வைக்கிற மாதிரி. அழுத்த அழுத்த, மறைத்து வைத்த பணம் வெளியே வரும் என்பது சித்தாந்தம். மறைத்து வைக்காதவனுக்கு வெளியே வருவது ரத்தம். அடுத்தது அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, அவன் வேட்டியையோ வைக்கோல் பிரியையோ கழுத்தைச் சுற்றிக் கால் கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டியது. முதுகில் ஒரு கல். உச்சி வெயில். நிமிர முடியாது, உட்கார முடியாது. இதெல்லாம் ஆயிரம் பதினாயிரம் பாக்கிக்கு இல்லை. சில்லறை ரூபாய்களுக்கு, சில சமயம் அணாக்களுக்கு. பெண்களையும் விடவில்லை.

இந்த இரண்டு சொல்லையும் ஆங்கிலேயர்கள் மொழிபெயர்க்க மெனக்கெடவில்லை. ‘கிட்டி’, ‘அனந்தாள்’ என்று ஏறத்தாழத் தமிழிலேயே சர்க்கார் அறிக்கையில் அச்சடித்துவிட்டார்கள். கட்டுமரம், கறி போல இங்கிலாந்து போன தமிழ்ச் சொற்களில் இவையும் சேர்த்தி. பெருமைப்பட முடியவில்லை.

அறிக்கை எப்படி வந்தது? அதற்கு ஒரு செட்டியார் வேண்டியிருந்தது. மதராஸில் காஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற ஜவுளி வியாபாரி. 1844-ல் ‘கிரெசன்ட்’ என்று சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பித்தவர். 1852-ல் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கி, கவர்னரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நேரே லண்டன் பார்லிமென்டுக்கே மனுப் போட்டார். வரி அதிகம், வசூலிக்கச் சித்திரவதை என்று விலாவாரியாக. அங்கிருந்து டான்பி சீமோர் என்ற எம்.பி. 1853-ல் வந்தார். செட்டியார் அவரை வெளியூர்களுக்கு அழைத்துப் போய்ச் சொந்தக் கண்ணால் பார்க்க வைத்தார்.

1854 ஜூலையில் பார்லிமென்டில் இது வெடித்தது. ‘சித்திரவதையா? நம் ஆட்சியிலா?’ என்று பலருக்கு நம்ப முடியவில்லை. பாட்டிஞ்சர் அந்த ஏப்ரலிலேயே மூட்டை கட்டியிருந்தார். புதுக் கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்தில் கமிஷன் போட்டார்கள். மூன்று பேர். எலியட், ஸ்டோக்ஸ், வக்கீல் நார்ட்டன். புகார் சொல்ல மதராஸுக்கு வாருங்கள் என்று அறிவித்ததும், பல நாள் நடந்து வந்து நின்றார்கள் ஜனங்கள். வர முடியாதவர்கள் எழுதினார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. ஆம், வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது, பரவலாகவே நடக்கிறது என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. அதைப் படித்த கார்ல் மார்க்ஸ் 1857-ல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இதைப் பற்றியே கட்டுரை எழுதினார். நம் தாலுகாக் கச்சேரி சமாசாரம் அமெரிக்காவரைக்கும் போனது!

கமிஷன் ஒரு சமாதானமும் சொன்னது. செய்தவர்களெல்லாம் சுதேசிச் சிப்பந்திகள்தான், வெள்ளைக்கார ஆபீசர்கள் யாரும் இதை ஆதரிக்கவில்லை என்று. பாதி நிஜம். கிட்டியை அழுத்தியது நம்மவர் கைதான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் இத்தனை ரூபாய், இத்தனாம் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று தாக்கீது எழுதியது எந்தக் கை? பாட்டிஞ்சர் யாரையும் கிட்டி போடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தொகை சரியாக வந்துகொண்டிருந்தது, எப்படி வருகிறது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். பாலைவனத்துக் கிராமத்தில் கிணற்று ஆழத்தை அளந்த மனுஷர், மதராஸில் ஆறு வருஷம் இருந்தார். ஒரு தரம் அந்தப் பழைய பீர்ஜாதா வேஷத்தைப் போட்டுக்கொண்டு தாலுகாக் கச்சேரித் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும்.

அறிக்கைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வை குறைந்தது. 1859-ல் போலீஸுக்குத் தனிச் சட்டம் வந்தது, தாசில்தார் கையிலிருந்து லத்தி போனது. லட்சுமிநரசு செட்டி பொதுக்காரியத்துக்கே பணத்தைக் கரைத்துவிட்டு, 1868-ல் சிரமதசையில் இறந்தார். பாட்டிஞ்சர் அதற்கு முன்பே, 1856 மார்ச்சில் மால்டா தீவில் கண்ணை மூடிவிட்டார்.

*

அப்பா கண்ணை மூடிய நிமிஷத்தில் மகன் ‘சர்’ என்றேன் அல்லவா? சர் ஃபிரெடரிக் பாட்டிஞ்சர், இரண்டாவது பாரனெட். கீயிங் தத்தெடுத்த அதே பையன்.

ஈட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பு, கிரெனேடியர் கார்ட்ஸ் பட்டாளத்தில் காசு கொடுத்து வாங்கிய உத்தியோகம். செல்லம் கொடுத்த அம்மாவின் பணத்தில் பெரும்பகுதியைக் குதிரைப் பந்தயத்தில் விட்டான். அப்பா செத்ததும் அவர் சொத்து வந்தது. அதையும் விட்டான். சிந்துவும் சீனாவும் மதராஸும் சம்பாதித்துக் கொடுத்ததைக் குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் கொண்டுபோய்விட்டன. கடன்காரர்கள் கதவைத் தட்டியபோது மிஞ்சியிருந்தது ‘சர்’ ஒன்றுதான். அதை அடகு வைக்க முடியாதே!

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான். தங்கம் தோண்டினான், கிடைக்கவில்லை. கடைசியில் நியூ சவுத் வேல்ஸ் போலீஸில் சாதாரணக் குதிரைப் போலீஸாகச் சேர்ந்தான். தான் பாரனெட் என்று மூச்சு விடவில்லை. அப்பா வேஷம் போட்டது சர்க்காருக்காக. மகன் வேஷம் போட்டது சர் பட்டத்தை மறைக்க. குதிரையேற்றத்தில் சூரன், வேலையில் குறைவில்லை. 1860-ல் குட்டு வெளியானது. ஒரு பாரனெட்டையா கான்ஸ்டபிளாக வைத்திருக்கிறோம் என்று பதறிப்போய் மேலதிகாரி பிரமோஷன் கொடுத்தார்.

அங்கே பிடித்தது சனி. காட்டுக் கொள்ளைக்காரர்களைப் பிடிக்கிற வேலை. நம் பக்கத்து ஜம்புலிங்கம் மாதிரி ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பென் ஹால், ஃபிராங்க் கார்டினர். 1862 ஜூனில் கார்டினர் கோஷ்டி சர்க்கார் தங்க வண்டியை மறித்து ஏறத்தாழ 14,000 பவுன் கொள்ளையடித்தது. ஃபிரெடரிக் வாரக்கணக்கில் துரத்தினான். ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி, காதலி வீட்டுக்கு வந்த கார்டினரை நேருக்கு நேர் மடக்கி, துப்பாக்கியைக் குறிபார்த்து அழுத்தினான். டிக். வெடிக்கவில்லை! கார்டினர் குதிரையைத் தட்டிக்கொண்டு போயே போய்விட்டான். பத்திரிகைகள் கிழி கிழி என்று கிழித்தன. ‘குருட்டு ஃபிரெடிக்குக்கூடத் தெரியுமே’ என்று ஆஸ்திரேலியாவில் இன்றும் ஒரு வசனம் உண்டு. அந்தக் குருட்டு ஃபிரெடி நம்ம சர் ஃபிரெடரிக்தான் என்று ஒரு கதை.

1865 ஜனவரியில் ஓர் ஊரில் குதிரைப் பந்தயம். கொள்ளைக்காரர்களை வெளியே இழுக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு, டூட்டியில் இருந்த அதிகாரியே பந்தயத்தில் குதிரை ஓட்டினான். பழைய வியாதி! பென் ஹால் அந்தப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தான், பிடிபடவில்லை. பிப்ரவரியில் சீட்டுக் கிழிந்தது. நியாயம் கேட்க சிட்னிக்குக் கிளம்பினான். மார்ச் 5. வழியில் ஒரு சத்திரத்தில் இறங்கிவிட்டு, நகர்ந்துகொண்டிருந்த கோச்சு வண்டியில் தாவி ஏறும்போது அவன் துப்பாக்கியே வெடித்து வயிற்றில் பாய்ந்தது. அன்றைக்கு வெடிக்காத துப்பாக்கி இன்றைக்கு வெடித்தது. ஒரு மாதம் கிடந்து ஏப்ரல் 9-ல் சிட்னியில் இறந்தான். வயது முப்பத்து மூன்று. உயில்கூட எழுதி வைக்கவில்லை. எழுதவும் ஒன்றும் இல்லை. இருபத்தாறு நாள் கழித்து பென் ஹாலையும் போலீஸ் சுட்டுக் கொன்றது.

பட்டம் தம்பி ஹென்றிக்குப் போனது. மூன்றாவது பாரனெட். நிதானமான மனுஷர். வக்கீலுக்குப் படித்தார். நார்வே நாட்டு ஆறுகளில் மீன் பிடித்து, காடுகளில் வேட்டையாடி, அதைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டினார். ஹாங்காங்கில் கருங்கல் படி வைத்த ஒரு சரிவான தெருவுக்கு இன்னும் பாட்டிஞ்சர் பெயர் இருக்கிறது. பட்டம்தான் இல்லை. 1909-ல் மூன்றாவது பாரனெட் இறந்தபோது அதை வாங்கிக்கொள்ள வாரிசு கிடையாது.